பீமுக்குப் பிடித்தவள்

நாலு இடம், நாலு பெண்கள். இதில் தகராறு வர வழியே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தின் திறமை தெரியாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். நாலு பேரை நாலு இடத்தில் வைக்கச் சங்கம் ஒரு கமிட்டி போட்டது, கமிட்டி ஓர் ஆராய்ச்சியாளரைக் கூப்பிட்டது, ஆராய்ச்சியாளர் நாற்பத்திரண்டு சென்சார்களோடு வந்து இறங்கினார். எல்லாம் முடிந்து பட்டியல் வந்தபோது அதில் ஐந்து பேர் இருந்தார்கள்.

ஐந்தாவது ஆள் ஸ்பேனர் அக்கா. ஐந்தாவது என்பது எண்ணிக்கைக்குச் சொன்னது. பட்டியலில் அவள்தான் முதல்.

ஸ்பேனர் அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. மாடிப்படி ஏறினால் இடது முழங்கால் சத்தம் போடும். பன்னிரண்டு வருடமாகப் பயிற்சிக்கூடத்தில் மெக்கானிக். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பாள். தொங்கி ஆடுகிற பார்களைத் தாங்கும் கம்பிகளை இழுத்துப் பார்ப்பாள், ஓடிவந்து தாவுகிற வால்ட் மேஜையின் திருகுகளை முடுக்குவாள், தரை மெத்தைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கிப் போடுவாள், கடைசியாகப் பீமிடம் வருவாள். பீம் என்பது ஐந்து மீட்டர் நீளமும் உள்ளங்கை அகலமும் உள்ள ஒரு கட்டை. மார்பு உயரத்தில் நிற்கும். சாதாரண மனிதர்கள் அதன் மேல் நடக்கவே யோசிப்பார்கள், இந்தப் பெண்கள் குட்டிக்கரணம் போடுவார்கள். ஸ்பேனர் அக்கா அதை ஈரத்துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிக்கொண்டே போவாள். தோல் உறையில் சின்னச் சுருக்கம் இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அந்த நாலு பெண்களில் ஒருத்தி அவளுடைய மகள். பத்தொன்பது வயது. மகள் ஏழு வயதில் இங்கே சேர்ந்த அன்றுதான், லிஃப்ட் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இவளும் இங்கே வந்து சேர்ந்தாள். காரணம் கேட்டவர்களிடம் வீட்டுக்குப் பக்கம் என்றாள். லிஃப்ட் கம்பெனி இதைவிடப் பக்கம்.

சென்சார் கதைக்கு வருவோம். போன வருடத் தேர்வில் நடுவர்கள் இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்கள். இனி நடுவர்களே வேண்டாம், யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று பீமும் பாரும் சொல்லட்டும் என்று சங்கத் தலைவர் ஒற்றைக் காலில் நின்றார். ஆராய்ச்சியாளர் வந்து ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் சென்சார் பதித்தார். யாருடைய கை, யாருடைய கால், எங்கே படுகிறது, எவ்வளவு அழுத்துகிறது, எத்தனை நேரம் தங்குகிறது, பட்டவுடன் கட்டை எவ்வளவு நடுங்குகிறது, எல்லாம் கணினிக்குப் போகும். கணினி யோசித்து நூற்றுக்கு ஒரு மார்க் போடும். அந்த மார்க்குக்கு அவர் வைத்த பெயர் இணக்கம்.

எது யார் கை என்று தெரிய ஆளுக்கொரு பட்டையை மணிக்கட்டில் கட்டினார். துடைக்கிற கையும் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது, பிறகு தனியாகப் பிரித்துக் கழித்துவிடலாம் என்று ஸ்பேனர் அக்காவுக்கும் ஐந்தாம் நம்பர் பட்டையைக் கட்டினார். கட்டினார், கழிக்க மறந்தார். அவ்வளவுதான் நடந்தது.

பட்டியலைத் தலைவர் அறையில் வாசித்தார்கள். ஐந்தாம் நம்பர், தொண்ணூற்றேழு புள்ளி நான்கு. அடுத்தது நெட்டை என்ற பெண், அறுபத்தொன்று. பிறகு சுருட்டை, ஐம்பத்தெட்டு. பிறகு குட்டி, ஐம்பத்தைந்து. கடைசியில் ஸ்பேனர் அக்காவின் மகள், ஐம்பத்திரண்டு. முதல் நாலு பேர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவார்கள்.

ஸ்பேனர் அக்கா அந்த நேரம் தலைவரின் நாற்காலிச் சக்கரத்தைச் சரிசெய்துகொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தன் நம்பர் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"சார், அது நான் துடைச்சது சார்," என்றாள்.

ஆராய்ச்சியாளர் பேந்தப் பேந்த விழித்தார். கணினியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். தப்பு அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று தெரிந்துவிட்டது. "ஆறு வருஷமா அளக்கறேன். எழுபதுக்கு மேல யாருமே வாங்கினது இல்ல," என்று எழுந்து நின்றார். "நீங்க தொட்டா அந்தக் கட்டை நடுங்கவே இல்லைங்க!"

"நான் குதிக்கலையே சார். துடைக்கிற துணிக்கு அது ஏன் நடுங்கணும்?"

"குதிக்கறதா இல்லையாங்கறது என் துறை இல்ல."

பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் கையிலிருந்த விசிலை ஒரு தடவை ஊதினார். அவருக்கு வார்த்தை வராதபோதெல்லாம் விசில்தான் வரும். தலைவர் மட்டும் பதறவில்லை. பட்டியல் காலையிலேயே மேலே போய்விட்டது, மேலே போனது கீழே வராது என்றார். வயதை எடுத்துச் சொன்னார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பதினாறு முடிந்திருக்க வேண்டும் என்று இருந்தது. நாற்பத்தேழு வயதுக்காரிக்குப் பதினாறு முடிந்து வெகு காலம் ஆகிவிட்டது என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை.

"சரி, நான் விலகிக்கறேன். எழுதிக் கொடுக்கறேன்," என்றாள் ஸ்பேனர் அக்கா.

"விலகினா அந்த இடம் காலியாப் போகும். காலி இடத்துல இன்னொருத்தரை ஏத்த விதி கிடையாது. வெள்ளிக்கிழமை ரெண்டாவது அளவு எடுப்பாங்க. அதுல உங்க மார்க் குறைஞ்சா கீழ இருக்கறவங்க மேல வரலாம். அன்னிக்கு வராம இருந்தீங்கன்னா பழைய மார்க்கே நிக்கும்," என்றார் தலைவர்.

ஆக, மகளுக்கு இடம் வேண்டுமென்றால் அம்மா ஐம்பத்திரண்டுக்குக் கீழே இறங்க வேண்டும். கையில் நாலு நாள் இருந்தது. இந்தப் போட்டி தவறினால் அடுத்தது நாலு வருடம் கழித்து, மகளுக்கு அப்போது இருபத்துமூன்று. பதினாலு வயதில் தோள்பட்டை எலும்பு, பதினேழில் கணுக்கால் என்று ஏற்கனவே சின்னப் போட்டிகளில் இரண்டு தடவை கைக்கு எட்டியது தட்டிப்போனவள். மூன்றாவது தடவை பெற்ற அம்மாவே குறுக்கே வந்து நின்றாள்.

வீட்டில் மகள் அன்று சாப்பிடும்போது ஒன்றுதான் சொன்னாள். "ஊர்ல எல்லாருக்கும் போட்டிக்கு வர்றவங்க வெளியில இருந்து வருவாங்க. எனக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கு."

ஸ்பேனர் அக்கா மகளின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவளுடைய கணவர் கண்ணாடிக் கடைக்காரர். எதையும் நல்லதாகவே பார்ப்பவர். "போயிட்டுத்தான் வாயேன், நாலு இடம் பாத்த மாதிரி இருக்கும்," என்றார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த பார்வையில் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை மாஸ்டர் ஸ்பேனர் அக்காவுக்குப் பயிற்சி ஆரம்பித்தார். வாழ்நாளெல்லாம் மென்மையாக இறங்கு, மென்மையாக இறங்கு என்று கத்தியவர், இப்போது நேரெதிராகக் கத்த வேண்டியிருந்தது.

"அடிங்கக்கா! ஓங்கி ஒரு குத்து! உங்களுக்குக் கோவமே வராதா?"

கோபம் வந்தது, மாஸ்டர் மேல் வந்தது. பீமை நோக்கி ஓங்கிய கை ஓரங்குலம் முன்னால் தானாக நின்று, பூனையைத் தொடுவதுபோல் தொட்டது. உதைக்கச் சொன்னார். காலைத் தூக்கினாள், முழங்கால் சத்தம் போட்டது, கால் விரல் போய்க் கட்டையின் காலை லேசாக நிமிண்டிவிட்டுத் திரும்பியது. உடனே குனிந்து அந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். ஆராய்ச்சியாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "தொண்ணூற்றெட்டு புள்ளி ஒண்ணு!" என்று கைதட்டினார்.

இதற்குள் மற்ற மூன்று பெண்களுக்கும் விஷயம் உறைத்துவிட்டது. மார்க் வருகிற வழி இதுதான் என்றால் எதற்காக விழுந்து அடிபட வேண்டும்? நெட்டை வீட்டிலிருந்து நல்ல பருத்தித் துணியாகக் கொண்டுவந்தாள். சுருட்டை பாரைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் சும்மா நின்றாள், மணிக்கணக்காக நின்றாள். குட்டி பீம் மேல் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்தாள். புதன்கிழமை மத்தியானம் பயிற்சிக்கூடத்தில் யாரும் குதிக்கவில்லை, யாரும் விழவில்லை. ஒரே துடைப்பு. எல்லோருக்கும் மார்க் எண்பதைத் தாண்டியது. ஒருத்தி மட்டும் மூலையில் ஓடிவந்து எம்பி, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, தொம்மென்று இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதே ஐம்பத்திரண்டுதான்.

"நீயும் ஒரு துணியை எடுடி," என்று ஸ்பேனர் அக்கா கெஞ்சினாள். "கொஞ்ச நேரம் தடவிக் கொடு. என்ன கொறஞ்சா போயிடுவே?"

"தடவிக் கொடுத்து, குட்டியைத் தள்ளிட்டு நான் போகணுமா? அப்புறம் அங்க போய் எதைக் காட்டுவேன், துணியைப் பிழிஞ்சா? நான் குதிக்கத்தாம்மா வந்தேன்."

ஸ்பேனர் அக்காவுக்குப் பெருமையாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் டேப்போடு வந்து சேர்ந்தார். அணிக்கு நீலத்தில் பளபளவென்று உடை, மணிகள் வைத்தது, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பேனர் அக்காவின் இடுப்பை அளந்தார், டேப்பைப் பார்த்தார், மறுபடியும் அளந்தார். "மேல ஒரு சட்டை போட்டுக்கலாமான்னு விதியில பாத்துச் சொல்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஆராய்ச்சியாளர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அவருக்கு மாபெரும் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். பீமின் ஒரு முனையில் ஸ்பேனர் அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனைக்குப் பின்னால், கைக்குப் பூசுகிற பவுடர்ப் பெட்டியின் பக்கத்தில், மகள் கணுக்கால் கட்டுத்துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நெட்டையும்தான் துடைக்குது. எண்பத்தொண்ணுக்கு மேல போக மாட்டேங்குது. உங்களுக்கு மட்டும் எப்படி வருது? துடைக்கறப்போ மனசுல என்ன ஓடும்?"

"என்ன ஓடும்? ஒண்ணும் ஓடாது."

"சும்மா சொல்லுங்க."

ஸ்பேனர் அக்கா துணியை நாலாக மடித்தாள். மறுபடியும் விரித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் அவளை விட்டுடுன்னு சொல்லுவேன்."

"யாருகிட்ட?"

"இதுகிட்டத்தான். இந்தக் கட்டைகிட்ட. வேற யாருகிட்டப் போய்க் கேக்கறது? மாஸ்டர்கிட்டக் கேட்டா விசில் ஊதறாரு. அவகிட்டக் கேட்டா மொறைக்கறா. எங்க வீட்டுக்காரருகிட்டக் கேட்டா நல்லதே நடக்கும்ங்கறாரு. இதுதானே அவளைக் கீழ தள்ளுது? ரெண்டு தடவை தள்ளிடுச்சு. அதான் தெனமும் காலையில கால்ல விழாத குறையாக் கெஞ்சறேன். கோவிச்சுக்கப் போவுதேன்னு அழுத்திக்கூடத் தொடறது இல்ல."

பன்னிரண்டு வருடத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் தனக்கே வெட்கமாக இருந்தது. ஆராய்ச்சியாளர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். அவர் எழுதியது இது: கருவியுடன் பேசுதல், தினசரி, பலன் உண்டு. பாவம், ஒரு பெண்ணின் பயத்தை அளந்துவிட்டு அதற்கு இணக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாற்பத்திரண்டு சென்சாரிலும் பயத்தைக் காட்டுகிற சென்சார் ஒன்றுகூட இல்லை. பவுடர்ப் பெட்டிக்குப் பின்னால் மகள் அந்தக் கட்டுத்துணியை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைவர் சக்கரம் சரியான தன் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து நடுவில் போட்டு உட்கார்ந்தார். சுவரில் பெரிய திரை. ஆளுக்குப் பத்து நிமிடம். நெட்டை துடைத்தாள், எண்பத்துமூன்று. சுருட்டை பிடித்துக்கொண்டு நின்றாள், எண்பத்திரண்டு. குட்டி புத்தகத்தை முடித்தேவிட்டாள், எண்பது. மகள் ஏறினாள். தாவினாள், சுழன்றாள், கட்டை அதிர அதிர ஆடினாள், கடைசியில் மெத்தையில் இரண்டு காலும் ஒட்ட வந்து நின்றாள். பார்த்தவர்கள் எல்லோரும் மூச்சை விட்டார்கள். திரை ஐம்பது என்றது.

கடைசியில் ஸ்பேனர் அக்கா பெயர் இருந்தது. கைகளைப் பிசைந்துகொண்டு பவுடர்ப் பெட்டிப் பக்கம் நின்றாள். முந்தின நாள் ராத்திரி முழுக்க வீட்டுச் சோபாவைக் குத்திப் பழகியிருந்தாள். சோபாவில் நன்றாக வந்தது. இங்கே வராது என்று அவளுக்குத் தெரியும்.

மகள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சத்தம் போடாதே. நான் இதோட நிறுத்திக்கறேன்."

"எதை?"

"இதை. இனிமே ஏற மாட்டேன். கணுக்கால் தாங்கல, ரொம்ப நாளாவே தாங்கல. இப்ப ஆடினதுதான் கடைசி. நீ ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணுதான். சும்மா போயிட்டு வா."

"நெஜமாவா?"

"நெஜமா. பட்டையைக்கூடக் கழட்டிட்டேன் பாரு."

வெறும் மணிக்கட்டைக் காட்டினாள். ஸ்பேனர் அக்கா அந்த மணிக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஐயோ, இவ்வளவு உழைத்தாளே என்று அழுகை வர வேண்டிய இடம் அது. வரவில்லை. விலா எலும்புக்குக் கீழே என்னவோ ஒன்று கழன்று விழுந்ததுபோல் இருந்தது. அங்கே ஓர் இறுக்கம் இருந்ததே அது போன பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருடமும் அதை வாய்வு என்று நினைத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பீமின் முன்னால் போய் நின்றாள். கட்டை தெரிந்தது. மேலே ஒரு தோல், கீழே இரண்டு கால், எட்டுத் திருகு. இதனிடமா கெஞ்சினேன்? ஈரத்துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைப்பதுபோல் பரபரவென்று தேய்த்தாள். திரையில் எண்பது, எழுபது என்று இறங்கியது. துணியை உதறி நடுக்கட்டையில் ஓர் அறை விட்டாள். மகள் தோள்பட்டை உடைந்த இடம் அது. அந்த இடத்தைப் பார்த்ததும் அதுவரை எங்கே இருந்ததோ தெரியாத கோபம் கிளம்பி வந்தது.

"பதினாலு வயசுக் கொழந்தை! என்னா பண்ணுச்சு உன்னை?"

குத்தினாள். இரண்டு முஷ்டியாலும் குத்தினாள். முழங்காலை மறந்து ஓங்கி ஓர் உதை உதைத்தாள். கணுக்கால் போன முனைக்கு நடந்து போய் அங்கேயும் ஓர் உதை. சேர்த்துவைத்த அத்தனை காலைகளையும் அன்றே திருப்பிக் கொடுத்தாள். மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார், ஊத மறந்தார். குட்டி, "போடுங்கக்கா!" என்று கத்தினாள். பத்து நிமிடம் முடிந்தபோது திரையில் ஒன்பது புள்ளி ஆறு இருந்தது.

ஆராய்ச்சியாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஒரே நாள்ல இப்படி ஒரு உறவு முறிஞ்சு போய் நான் பாத்ததே இல்ல," என்றார். அழுதுவிடுவார்போல் இருந்தது. தலைவர் விதிப்புத்தகத்தை மூடிவிட்டுப் புதுப் பட்டியலை வாசித்தார். நெட்டை, சுருட்டை, குட்டி, நாலாவதாக மகள். மேலிடத்துக்கு அனுப்ப அணி இப்போதே கேமரா முன்னால் ஒரு தடவை ஆடிக் காட்ட வேண்டும், இந்தத் தடவை துணி வேண்டாம் என்றார். மாஸ்டருக்கு விசில் வந்துவிட்டது.

ஸ்பேனர் அக்கா முஷ்டியை ஊதிக்கொண்டே மகளிடம் வந்தாள். "நீதான் விட்டுட்டியே, அவங்ககிட்டச் சொல்லிடலாம்," என்று ஆரம்பித்தவள், மகள் மணிக்கட்டில் மறுபடியும் பட்டை இருப்பதைப் பார்த்தாள். மகள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"பொய்யா சொன்னே?"

"ஆமா. மார்க் குறைஞ்சுதுல்ல? நேத்து நீ அவருகிட்டச் சொன்னதைக் கேட்டேன். நான் ஏற மாட்டேன்னு நம்பினாத்தான் உனக்குக் கை ஓங்கும்னு தெரிஞ்சுது." சிரிப்பு கொஞ்சம் தயங்கியது. "கோவமாம்மா?"

ஸ்பேனர் அக்கா முஷ்டியைப் பிரித்தாள். விலா எலும்புக்குக் கீழே அந்த இறுக்கம் வந்து தன் பழைய இடத்தில் உட்கார்வதை உணர்ந்தாள். இப்போது அதன் பெயர் தெரிந்துவிட்டது, இனி மருந்தும் வேலை செய்யாது.

"கோவம் இல்லடி," என்றாள். "பத்து நிமிஷம் எனக்குப் பயமே இல்லாம இருந்துச்சு. பன்னெண்டு வருஷத்துல அந்தப் பத்து நிமிஷந்தான். நல்லா இருந்துச்சு."

மகளின் சிரிப்பு போய்விட்டது. இத்தனை வருடமும் அம்மா பீமைத் துடைப்பதைத் தினமும் பார்த்தவள்தான். இன்றுதான் அம்மாவைப் பார்த்தாள். கையில் பவுடரைத் தேவைக்கு மேல் பூசிக்கொண்டாள். மாஸ்டர் அவள் நம்பரைக் கூப்பிட்டார்.

"ஒன்றரை நிமிஷந்தாம்மா," என்றாள். "சீக்கிரம் எறங்கிடறேன்."

"சீக்கிரம் வேண்டாம்," என்றாள் அம்மா. "ஒழுங்கா எறங்கு."

மகள் தலையாட்டிவிட்டுப் போய் ஏறினாள்.